காவடிச் சிந்து தந்த இளைஞன் - சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்

திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி இருக்கிறது குலசேகரன்பட்டினம். சுருக்கமாகக் குலசை. தசரா என்றாலே தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவில் வருவது இந்த ஊர் முத்தாரம்மன் கோவில்தான். விரதம் இருந்து காளி, குறவன், குறத்தி, குரங்கு, ராஜா என்று விதவிதமாக வேடம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்க்கக் கூடுவார்கள். தசரா குழு என்றால் கூடவே மேளமும் வரும். என்ன மேளம், என்ன பாட்டு என்பதில்தான் தகராறு. நையாண்டி மேளம் போதும் என்பவர்கள் உண்டு. செண்டை வேண்டும் என்பவர்கள் உண்டு. சினிமாப் பாட்டு போட்டால்தான் கூட்டம் சேரும் என்பவர்களும் உண்டு. சினிமாப் பாட்டும் ஆபாச ஆட்டமும் கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போயிருக்கிறது.

இந்தச் சண்டைக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. "நம்ம ஊர்ப் பாட்டு" என்பது எது? அசல் எது, போலி எது?

இதே குலசை வழியாகக் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து திருச்செந்தூருக்குக் காவடி தூக்கிக்கொண்டு நடந்தே போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேளம் ஓய்ந்த நேரத்தில் அவர்கள் வாயில் வரும் துள்ளல் மெட்டு ஒன்று உண்டு. கேட்டால் "அது காவடிச் சிந்து" என்பார்கள். யார் எழுதியது என்று கேட்டால் "பழைய பாட்டு" என்பார்கள். ஆனால் அந்தப் பழைய பாட்டு வகைக்கு ஒரு முகவரி இருக்கிறது. குலசையிலிருந்து வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம், சென்னிகுளம் என்ற சின்னக் கிராமம். அங்கே பிறந்து 26 வயதில் செத்துப்போன ஒரு இளைஞன்தான் அதற்கு உருவம் கொடுத்தவன். பெயர் அண்ணாமலை ரெட்டியார்.

கரிசல் காட்டுப் பிள்ளை

அண்ணாமலை ரெட்டியார் பிறந்தது 1865-ல். சென்னிகுளம் அன்றைய திருநெல்வேலி மாவட்டம். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு தென்காசி மாவட்டம். பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் கரிவலம்வந்தநல்லூர். அந்த ஊருக்குப் புலவர்கள் வைத்த செல்லப் பெயர் "கருவை". பதினாறாம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர்களில் ஒருவரான அதிவீரராம பாண்டியர் இந்த ஊர்ச் சிவனைப் பற்றி அந்தாதி பாடியிருக்கிறார். ஆக, மழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் காய்ந்துபோகும் வறண்ட பூமிதான் என்றாலும், தமிழுக்கு அங்கே பஞ்சம் இருந்ததில்லை.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் அப்போது நிறைய ஜமீன்கள் இருந்தன. சிவகிரி, சேற்றூர், ஊற்றுமலை, எட்டயபுரம் என்று வரிசையாகச் சொல்லலாம். கட்டபொம்மன் காலத்துப் பாளையங்கள்தான் ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன்களாக மாறின. படை வைத்துக்கொள்ளும் உரிமை போய்விட்டது. மிச்சம் இருந்த பெருமை கோவில் மரியாதையும் புலவர்களை ஆதரிப்பதும்தான். பாட்டு எழுதத் தெரிந்த பையனுக்கு அந்தக் காலத்தில் அது ஒரு பிழைப்பு. இப்போது கம்ப்யூட்டர் படித்தால் வேலை என்பது மாதிரி, அப்போது யாப்பு படித்தால் ஜமீனில் இடம்!

அண்ணாமலை ரெட்டியாரும் அந்த வழியில்தான் போனார். உள்ளூரில் படித்த பிறகு திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போய்ப் பாடம் கேட்டார். தஞ்சைப் பக்கத்து மடமாக இருந்தாலும் அப்போது அதன் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். தென்பாண்டிப் பிள்ளைகளுக்கு அந்த மடம் அந்நியம் இல்லை. "தமிழ்த் தாத்தா" உ.வே.சாமிநாதையரிடமும் ரெட்டியார் பாடம் கேட்டிருக்கிறார். இவரைவிடப் பத்து வயதுதான் மூத்தவர் உ.வே.சா.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கரிசல் பூமியில் வாழும் ரெட்டியார், நாயக்கர் குடும்பங்களில் பல வீட்டுக்குள் தெலுங்கு பேசுபவை. விஜயநகர காலத்திலும் அதற்குப் பிறகும் தெற்கே வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். அந்தச் சமூகத்தில் வந்த ஒருவர் தமிழ்நாட்டின் மிகத் தமிழான மெட்டுக்கு உருவம் கொடுத்தார் என்பது, "அசல்" என்ற சொல்லைப் பற்றி யோசிக்க வைக்கிற விஷயம்.

புலவன் ஆவதற்குத் தேர்வு

அந்தக் காலத்தில் புலவன் என்று பெயர் எடுப்பது எப்படி? அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று இலக்கணத்தில் சொல்லியிருக்கும் பிரபந்தங்களை எழுதிக் காட்ட வேண்டும். ரெட்டியாரும் எழுதினார். சங்கரன்கோவில் சங்கரநாராயணர் மீது திரிபந்தாதி, அந்தக் கோவில் அம்மன் கோமதி மீது ஒரு அந்தாதி, கரிவலம்வந்தநல்லூர் மீது கருவை மும்மணிக்கோவை.

திரிபந்தாதி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதையின் திருப்பம் புரியும். அந்தாதி தெரியும், ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்க வேண்டும். திரிபு என்பது அதைவிடக் கஷ்டம். பாட்டின் நான்கு அடிகளிலும் முதல் எழுத்து மட்டும்தான் மாறலாம். அதற்கு அடுத்த சில எழுத்துகள் நான்கு அடியிலும் அப்படியே ஒன்றாக வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் அந்த எழுத்துக் கூட்டம் வேறு வேறு விதமாகப் பிரிந்து வேறு வேறு பொருள் தர வேண்டும். குறுக்கெழுத்துப் போட்டி போலத்தான். உரை இல்லாமல் படித்தால் ஒரு வரிகூடப் புரியாது. புலவர்கள் சபையில் அவிழ்த்துக் காட்டும்போது "ஆஹா" என்பார்கள்.

இருபது வயதை ஒட்டிய ஒரு இளைஞன் இதையெல்லாம் எழுதினான் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் திரிபு பாடத் தெரிந்தவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவர்களில் ஒருவராகவே ரெட்டியார் முடிந்திருந்தால், இன்று அவர் பெயர் பழைய நூலகங்களில் ஒரு அட்டையாக மட்டும் இருந்திருக்கும்.

ஊற்றுமலை ஜமீன்

ரெட்டியாருக்கு ஆதரவு கொடுத்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ஜமீனுக்குப் பெயர் ஊற்றுமலை. அரண்மனை இருந்தது சிற்றாற்றங்கரையில் இருக்கும் வீரகேரளம்புதூரில். குற்றாலத்தில் அருவியாக விழுந்து தென்காசி வழியாக ஓடி வருகிற சிற்றாறு கடைசியில் தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. வீரகேரளம்புதூரைப் புலவர்கள் "வீரை" என்று பாடுவார்கள். மருதப்பத் தேவர் தமிழ் தெரிந்த ஜமீன்தார். புலவர்கள் வந்துபோகும் இடமாக அந்த அரண்மனை இருந்தது. அங்கே சமஸ்தானப் புலவராக அண்ணாமலை ரெட்டியார் சேர்ந்தார். வீரையைப் பற்றியும் நூல்கள் பாடினார்.

மருதப்பத் தேவர் முருக பக்தர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துக்கொண்டு பரிவாரத்தோடு நடந்து போவது அவர் வழக்கம். வீரகேரளம்புதூரிலிருந்து கழுகுமலை முப்பது கிலோமீட்டருக்கும் மேல். சிற்றாற்றுப் பச்சையை விட்டுக் கரிசல் வெயிலுக்குள் நுழைந்து வடகிழக்கே நடக்க வேண்டும். அந்த வழிநடைக்குப் பாட்டு வேண்டும். அதற்காகச் சமஸ்தானப் புலவர் பாடிக் கொடுத்ததுதான் காவடிச் சிந்து.

கழுகுமலையைப் பற்றியும் கொஞ்சம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோவில், வரிசையாகச் சமணச் சிற்பங்கள், அடிவாரத்தில் மலையைக் குடைந்த கழுகாசலமூர்த்தி கோவில். இப்போது தூத்துக்குடி மாவட்டம். அன்று எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். எட்டயபுரம் அங்கிருந்து ஒரு நாள் நடைதான். அந்த எட்டயபுரத்து அரண்மனையில் அதே காலத்தில் யார் இருந்தார் தெரியுமா? சுப்பராம தீட்சிதர்! மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835-ல் காலமானது எட்டயபுரத்தில்தான். அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், கர்நாடக சங்கீதத்துக்கே ஆதார நூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்டார்.

அதாவது, "உயர்ந்த சங்கீதம்" என்று எதைச் சொல்கிறோமோ அது ரெட்டியாருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. மடத்தில் கற்ற இலக்கணம் கையில் இருந்தது. இரண்டையும் வைத்து இன்னொரு கீர்த்தனைத் தொகுதியோ, இன்னொரு அந்தாதியோ எழுதியிருக்கலாம். அவர் காது வேறு பக்கம் திரும்பியது.

மெட்டு எங்கே கிடைத்தது?

காவடி என்பது தோளில் வைக்கும் தண்டு. அதன் மேல் அரைவட்டமாக வளைத்த மரம், மயில்தோகை, இரண்டு பக்கமும் பால் அல்லது சர்க்கரை. இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்து பழனியில் இறக்கிய கதையை அடிப்படையாகக் கொண்டது. பாரம் தோளில் இருக்கிறது, வெயில் தலையில் இருக்கிறது, காலில் செருப்பு கிடையாது. இந்த நிலையில் நடப்பவனுக்குப் பாட்டு என்பது பொழுதுபோக்கு இல்லை. அதுதான் அவனுக்கு இன்னொரு கால்.

அதனால் அந்தப் பாட்டு மூன்று விஷயங்களில் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, அடி வைக்கும் கணக்கோடு பொருந்த வேண்டும். இரண்டு, மூச்சு வாங்கும்போது நிறுத்த இடம் இருக்க வேண்டும். மூன்று, ஒருவர் சொன்னதும் கூட்டம் திருப்பிச் சொல்லும்படி காதில் ஒட்ட வேண்டும்.

வெண்பாவை வைத்து நடக்க முடியாது. முயற்சி செய்து பாருங்கள்! வெண்பாவில் சீரும் தளையும் எழுத்தின் அசையை வைத்துக் கணக்கிடப்படும். சிந்து வேறு மாதிரி. சிந்தில் கணக்கு காலத்துக்கு, அதாவது தாளத்துக்கு. ஒரு சீரில் எழுத்து குறைந்தால் பாடுகிறவர் நீட்டி அந்த இடத்தை நிரப்பிக்கொள்வார். எழுத்து கூடினால் வேகமாக உருட்டுவார். தாளம் மட்டும் தவறக் கூடாது. பேச்சுத் தமிழுக்கும் கூட்டமாகப் பாடுவதற்கும் ஏற்ற யாப்பு அது. புதுச்சேரித் தமிழறிஞர் இரா.திருமுருகன் இதற்கு இலக்கணம் வகுத்து "சிந்துப் பாவியல்" என்று தனி நூலே எழுதினார். அதுவரை சிந்துக்கு முழுமையான இலக்கணம் எழுதவேண்டும் என்று பெரும்பாலான பண்டிதர்களுக்குத் தோன்றவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

காவடிச் சிந்தின் தாளம் பெரும்பாலும் மும்மை நடை. சங்கீதக்காரர்கள் திஸ்ரம் என்பார்கள். "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். ஒவ்வொரு "த" விழும்போதும் ஒரு கால் தரையில் விழும். மீதி "கிட" இருக்கிறதே, அந்த நேரத்தில் உடம்பு லேசாக எழும்பி ஆடும். நேராக நடந்தால் தோளில் பாரம் குத்தும். இப்படி ஆடி நடந்தால் பாரம் ஊஞ்சல் போல அசைந்து இலகுவாகும். தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்களும் பல்லக்குத் தூக்கியவர்களும் உடம்பால் அறிந்த ரகசியம் இதுதான். மெட்டு அரண்மனையில் பிறக்கவில்லை, நடப்பவர்களின் காலில் இருந்தது. வழிநடைச் சிந்து, நொண்டிச் சிந்து என்று மக்களிடம் ஏற்கெனவே சிந்துகள் புழங்கின. ரெட்டியார் அதை எடுத்துக்கொண்டார்.

ஆனால் எடுத்து அப்படியே எழுதிவைக்கவில்லை. இங்கேதான் அவருடைய படிப்பு வேலை செய்தது.

திரிபந்தாதியில் அவர் என்ன பழகியிருந்தார்? ஒரே ஓசையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப் பழகியிருந்தார். அங்கே அந்த ஓசை ஒற்றுமை கண்ணுக்கும் அறிவுக்கும் வைத்த புதிர். இங்கே அதே வித்தையைக் காதுக்குத் திருப்பிவிட்டார். காவடிச் சிந்தில் எதுகை அடியின் தொடக்கத்தில் மட்டும் வராது. அடிக்கு நடுவே இரண்டு மூன்று இடத்தில் விழும், கடைசியில் இயைபாகவும் விழும். ஒவ்வொரு ஓசை விழும் இடத்திலும் ஒரு கால் விழுகிறது. புலவர் சபையில் உரையோடு அவிழ்க்க வேண்டிய சிக்கல், சாலையில் தானாகவே அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் நீளமும் ஓசை விழும் இடமும் மாறும். அதனால் இருபதுக்கும் மேற்பட்ட பாட்டுகளை அடுத்தடுத்துப் பாடினாலும் சலிக்காது.

பொருளும் அப்படித்தான். கழுகுமலையின் கொடி, கோபுரம், குளம், மலைவளம் என்று வர்ணனை ஒரு பக்கம். முருகன் மேல் காதல் கொண்ட பெண் தோழியிடம் புலம்புவது இன்னொரு பக்கம். இது சங்க காலத்து அகத்துறையிலிருந்து வருகிற சங்கதி. வியர்வை வழிய நடக்கும் ஆண்கள் கூட்டம் ஒரு பெண்ணின் விரகத்தைச் சத்தமாகப் பாடிக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பாருங்கள். பக்தியும் விளையாட்டும் இலக்கியமும் ஒரே பாட்டில்!

பண்டிதரா, பாமரரா?

பாட்டில் "அசல்" எது என்ற கேள்வி வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் உண்டாகும். ஒரு கட்சி, படிக்காதவன் வாயில் வருவதுதான் அசல், படித்தவன் தொட்டால் கெட்டுப்போகும் என்னும். மற்ற கட்சி, இலக்கணமும் ராகமும் சுத்தமாக இருந்தால்தான் அது பாட்டு என்னும். ரெட்டியாரின் வாழ்க்கை இரண்டுக்கும் பதில் சொல்கிறது.

அவருக்குக் கொஞ்சம் முன்னால் சோழநாட்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதே கேள்வியைச் சந்தித்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நொண்டிச் சிந்து உட்பட மக்கள் மெட்டுகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அதற்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது, இலக்கணப் பிழை இருக்கிறதே என்று பிள்ளை தயங்கினாராம். பிறகு பாரதியார் பாடக் கேட்டு மனம் இளகிக் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தபோது பிழை. பாடிக் கேட்டபோது கண்ணீர். தமிழ்ப் படிப்புக்கும் தமிழ்ப் பாட்டுக்கும் இடையில் அன்று இருந்த இடைவெளி இதுதான்.

வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் முதல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டுப் பெரிய மனிதர்கள் வீட்டு விருந்தாளி ஆனார். அதன் பிறகு அவர் அதிகம் உழைத்தது ஊர் மெட்டுகளைத் தேடி அவற்றுக்கு வார்த்தை எழுதுவதில்தான். 37 வயதில் இறந்தார். அமெரிக்காவில் பாப் டிலன் கிராமியப் பாடகராகப் பெயர் வாங்கிய பிறகு, 1965-ல் நியூபோர்ட் விழாவில் மின்கிதாரோடு மேடை ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. கிராமிய இசையைக் கெடுத்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. அப்போது டிலனுக்கு வயது 24. ரெட்டியார் காவடிச் சிந்து பாடியபோது அவருக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

இந்த மூன்று பேரிடமும் பொதுவாக ஒன்று இருக்கிறது. சொந்தக் குரலைத் தேடி இவர்கள் தங்களுக்குள்ளேயே முடங்கிக்கொள்ளவில்லை. ஊர் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்ததைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதைத் தங்கள் கைத்திறமையால் மாற்றினார்கள். ஊர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதா என்பதுதான் பரீட்சை. காவடிச் சிந்தைப் பொறுத்தவரை ஊர் முழுமனதோடு வாங்கிக்கொண்டது.

26 வயது

1891-ல் அண்ணாமலை ரெட்டியார் காலமானார். வயது 26. முதல் புத்தகம் போடலாமா என்று பலர் யோசிக்கும் வயது அது.

அவர் இறந்தபோது எட்டயபுரத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். சுப்பையா என்று வீட்டில் கூப்பிடுவார்கள். 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த அந்தச் சிறுவன்தான் பிற்பாடு மகாகவி பாரதி. அவனும் ஜமீன் அரண்மனையில் புலவர்கள் நடுவே வளர்ந்தவன். அவனும் பண்டிதர் பாட்டைக் கற்று, பிறகு சிந்துக்கு வந்தவன். 1912-ல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், எளிய சொல்லும் எளிய நடையும் ஜனங்களுக்குப் பிடித்த மெட்டும் கொண்டு காவியம் செய்ய வேண்டும் என்ற கொள்கையைப் பாரதி சொல்கிறார். அந்தக் காவியத்திலேயே சிந்து விளையாடுகிறது. தேசபக்திப் பாட்டிலும் சிந்து வருகிறது. கோவில் வழியில் நடந்த மெட்டு, சுதந்திர ஊர்வலத்தில் நடக்க ஆரம்பித்தது. ஊர்வலமும் நடைதானே!

கரிசல் எழுத்தாளர்களும் ரெட்டியாரை மறக்கவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் கு.அழகிரிசாமி. 1970-ல் காலமாகி, அதே ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதை "அன்பளிப்பு" தொகுதிக்காகப் பெற்ற சிறுகதை மேதை. அவர் காவடிச் சிந்தைப் பதிப்பித்தவர். நாட்டார் மெட்டும் நல்ல இலக்கியமும் ஒன்றாகும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கச்சேரி மேடையும் கடைசியில் வழிவிட்டது. காவடிச் சிந்து என்றதும் பாடகர்களுக்கு இன்று செஞ்சுருட்டி ராகம் நினைவுக்கு வரும். கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாகப் பாடுவார்கள். சபாவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து தாளம் போடுவார். கடல் கடந்தும் காவடி போயிருக்கிறது. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும், அதற்கு முன்னும் பின்னும் மொரீஷியஸ், மலேயா, சிங்கப்பூருக்கும் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் முருகனையும் காவடியையும் கூடவே கொண்டுபோனார்கள். தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டில் ஏறும் காவடிகளைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தகிட, தகிட என்ற கணக்கு அங்கேயும் இருக்கிறது.

இதில் ஒரு வருத்தமும் கலந்திருக்கிறது. ரெட்டியார் எதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படித்தாரோ, அந்தத் திரிபந்தாதியையும் மும்மணிக்கோவையையும் இன்று தமிழ் எம்.ஏ. படிப்பவர்கள்கூட அதிகம் புரட்டுவதில்லை. வழிநடைக்காகப் பாடிக் கொடுத்ததுதான் நிற்கிறது. ஆனால் அந்தப் படிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. அந்தாதி எழுதிப் பழகாத ஒருவரால் காவடிச் சிந்தின் ஓசையை அவ்வளவு கச்சிதமாக நெய்திருக்க முடியாது. நடக்கிறவர்களின் காலடியைக் கேட்காத ஒருவரால் அந்தாதியைத் தாண்டி வந்திருக்கவும் முடியாது.

குலசையில் ஓடும் விவாதத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. எந்த வாத்தியம் பழையது, எந்தப் பாட்டு புதியது என்பதை வைத்து மட்டும் அசலைக் கண்டுபிடிக்க முடியாது. காவடிச் சிந்தும் ஒரு காலத்தில் புதுப்பாட்டுதான். இருபத்து சொச்சம் வயதுப் பையன் எழுதியதுதான். பாட்டு அந்தக் காரியத்துக்கும், அந்த உடம்புக்கும், அந்தக் கூட்டத்துக்கும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. விரதம் இருந்து வெறுங்காலில் நடக்கிறவனுக்கு எது கைகொடுக்கிறதோ அது நிற்கும். கூட்டம் சேர்ப்பதற்காக ஒலிபெருக்கியில் போட்டது கூட்டம் கலைந்ததும் போய்விடும்.

கடைசியாக ஒன்று. தியாகராஜர் தன் கீர்த்தனைகளில் தன் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசாமி தீட்சிதர் "குருகுஹ" என்று வைத்தார். அண்ணாமலை ரெட்டியாரும் தன் பெயரையும், சென்னிகுளம் என்ற தன் ஊரின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே பின்னி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யார் எழுதியது என்று தெரியாமல் பாடுகிறவர்களும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பாடுகிறார்கள். அடுத்த முறை கோவிலிலோ கச்சேரியிலோ திருச்செந்தூர்ச் சாலையிலோ காவடிச் சிந்து கேட்டால், தாளம் போடுவதோடு நிறுத்திவிடாமல் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். சென்னிகுளம் வருகிறதா என்று.